சீதன எஞ்சின்

கரம்பொன் சூசைதாசனுக்குப் பிலோமினாவோடு சீதனமாக ஒரு படகு எஞ்சினும் வந்தது. இரண்டுமே ஒருநாளும் அவர் சொல்லுக் கேட்டதில்லை. நாட்டில் சண்டை ஓய்ந்து மீனவரை மறுபடி கடலுக்குப் போக விட்ட வருசம், அந்தக் கிழட்டு எஞ்சின் நடுக்கடலில் நின்று நின்று மானத்தை வாங்கியது. பிளக்கைத் துடைத்தார், காபரேற்றரைக் கழற்றினார், தூஷணத்தில் திட்டினார். அசையவில்லை.

கடைசியில் எண்ணெய்த் தாங்கியைக் கவிழ்த்தால், அடியில் தண்ணீர்.

"ஆரடி இதுக்குள்ள தண்ணி விட்டது?"

"நான்தான்," என்றாள் பிலோமினா. "அந்தோனியார் கோயில் தீர்த்தம். எஞ்சின் நிக்க நிக்கக் கூட விட்டனான்."

வாய்க்கு வந்ததை அந்தோனியாருக்காக விழுங்கிவிட்டு, தாங்கியைக் கழுவிக் காயவைத்துப் புது மண்ணெண்ணெய் ஊற்றினார். மறுநாள் ஒரே இழுவையில் எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பியது.

கரையில் நின்ற பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தியளே! விட்ட தீர்த்தம் இப்பதான் வேலை செய்யுது."