மாடியில் பூத்த ரங்கூன் மல்லி

பேசாமலிருந்த நாட்களில் என் மகள் தன் சொற்களை எல்லாம் எங்கே வைத்திருந்தாள்? இரண்டு வயது தாண்டியும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். எனக்குப் பொறுக்க வரவில்லை. கைபேசியைக் காட்டியதாலா, தனியாக வளர்வதாலா, நானே அவளிடம் குறைவாகப் பேசுகிறேனா என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

தருமபுரியில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். அப்போது கீழ்வீட்டில் இருந்த அக்கா, துணிக்கடைக்காரரின் மனைவி, சுவரோரம் ஒரு ரங்கூன் மல்லி நட்டிருந்தார். கீழே நிழல். கொடி வெயிலைத் தேடித் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏறி, எங்கள் பால்கனிக் கம்பியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. சாயங்காலம் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகும், பிறகு நல்ல சிவப்பு. நட்டவருக்கு மிஞ்சியது வெறும் தண்டு. மாலையில் அவர் வெளியே வந்து அண்ணாந்து சத்தம் போடுவார்: "தண்ணி ஊத்தறது நானு, பூவு உங்க வூட்டுக்கா? நல்லா இருக்குதுங்க நாயம்! பாப்பா, ஒண்ணு போடு கண்ணு!" மகள் கம்பி இடுக்கில் கையை விட்டு ஒரு பூவைப் போடுவாள், சத்தமே இல்லாமல்.

ஒரு நாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையை மட்டும் ஏந்தி நின்றார். மகள் பூவோடு காத்திருந்தாள். கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கம்பியில் முகத்தை அழுத்தி, "போடு கண்ணு!" என்று அக்காவின் அதே அதட்டலோடு கத்திவிட்டுப் பூவைப் போட்டாள். அக்கா அதைப் பிடிக்க மறந்து, குரல் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் துணி வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் சொல் 'அம்மா' இல்லையே என்ற கவலை மறுநாள்தான் வந்தது. அதுவும் அந்த வாரமே தீர்ந்தது.

இப்போது அவள் வாயை மூடுவதில்லை. அக்கா குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. கொடியின் பாரத்தில் குழாய் வளைகிறது, இடுப்பளவுக்கு வெட்டுங்கள் என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். அக்காவிடம் போனில் கேட்டேன். "தைரியமா வெட்டுங்க, தழைஞ்சிரும். நீங்க எதுக்குத்தான் பயப்படல!" என்று சிரித்தார். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கத்தரியை எடுத்தால் கை வரவில்லை. முற்றிய ரங்கூன் மல்லியை இப்படி வெட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எங்கள் ஊர் வெயிலுக்கு எந்த மாதம் வெட்டுவது? மறுபடி மாடிக்கு ஏறிப் பூக்க எவ்வளவு காலம் ஆகும்? "நாளைக்கே வந்துருமாம்மா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பவளுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.