காற்று விளக்கின் மேல் சந்தனப் பொட்டு

எண்பத்து மூன்றில், மலேசியாவில் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர் லோரி ஓட்டினேன். ஆயுத பூசையன்று பட்டறை போர்மேன் மணியம், ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த சிவப்பு விளக்கின்மேல் தடிப்பாகச் சந்தனப் பொட்டு வைத்தார். பிரேக்குக்கு வேண்டிய காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது. காற்று காட்டும் முள் எப்போதோ செத்துப்போனதால், எனக்கு அது ஒன்றுதான் துணை. சாமி பொட்டாயிற்றே என்று நான் துடைக்கவில்லை. தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுவாரம் முழு பாரத்தோடு இறக்கத்தில் வந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் உரசித்தான் லோரி நின்றது. குலுக்கலில் பொட்டு உதிர்ந்திருந்தது. உள்ளே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பட்டறைக்குப் போய் மணியத்தின் சட்டையைப் பிடித்தேன்.

"காத்து ஒழுகுதுன்னு தெரியும் லா. மாத்த வேண்டிய சாமான் இன்னும் வரல. விளக்கு எரிஞ்சா நீ லோரிய எடுக்க மாட்டியே" என்றார்.

எனக்கு மூன்று பிள்ளைகள்.

சாமான் வந்து மாட்டியதும், அவரையே பக்கத்து சீட்டில் ஏற்றி அதே இறக்கத்துக்கு விட்டேன். "சரியாத்தானே மாட்டினீங்க, அப்புறம் ஏன் வேர்க்குது?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு, சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா, காற்று ஏறியதும் அணைகிறதா என்று பார்க்காமல் லோரியை நகர்த்தியதில்லை. ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணம் என் கையில்தான். முதல் பொட்டு மணியத்தின் நெற்றிக்கு. பிறகு அவரோடுதான் அந்த இறக்கம்.

"இன்னும் மனசு ஆறலையா?" என்று வருசா வருசம் கேட்பார்.

"கதவைச் சாத்துங்கண்ணே" என்பேன்.