ஜன்னல் பக்கமா, அடுப்புப் பக்கமா?

வெண்டல் க்ரூகர் மறுபடியும் கிளம்பிவிட்டார். கையில் காப்பிக் கோப்பை, வாயில் பாதி மென்ற சாசேஜ். ஜன்னல் பக்கத்திலிருந்து அடுப்புப் பக்கத்துக்கு நடக்கிறார். "அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்று வழியில் நிற்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறார். சற்று முன் இதையே கேட்டுக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தார்.

எங்கள் சமவாய்ப்புக் கட்சியில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. தீர்மானத்தை ஆதரிப்பவர் ஜன்னல் பக்கம், எதிர்ப்பவர் அடுப்புப் பக்கம் போய் நிற்க வேண்டும். மனம் மாறினால் எதிர்ப்பக்கம் நடந்து போகலாம். பேச ஆள் இருக்கும்வரை, ஓட்டை முடித்துவைக்கும் மணியை அடிக்கக் கூடாது. மில்வாக்கி நான்காம் வட்டத்தின் மணி என் கையில் இருக்கிறது. அதனால் எனக்கு ஓட்டும் கிடையாது, நிம்மதியும் கிடையாது. முதலாளி கட்சிக்காரர்கள் சட்டென்று கூட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். செங்கொடிக்காரர்களுக்கு மேலிடம் சொன்னால் போதும். நாங்கள்தான் இரண்டு பக்கமும் நியாயம் தேடித் தேடிச் சாகிறோம். அதிலும் இந்த வெண்டல் இருக்கிறாரே!

தொழில் பாய்லர் பழுது பார்ப்பது. எந்த வால்வைத் திருகுவது என்று அங்கே ஒரு கணமும் யோசிக்க மாட்டார். வேலைநிறுத்தத்தின்போது வாசலில் நின்ற தோழர்களுக்கு சூப் கொண்டுவந்தார். சந்தோஷம். மிச்சத்தை உள்ளே இருந்த மேனேஜருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டால், "அந்தாளுக்கும் குளிருதுல்ல?" அவர் வீட்டு முன்சுவர் பாதி பச்சை, பாதி மஞ்சள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் யோசனை சொன்னார்களாம். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இன்றைய விஷயம் பெயின்ட் இல்லை. நாட்டின் தலைநகரம் பக்கத்து சிகாகோவுக்கு மாறி வந்ததிலிருந்து எல்லாரையும் டிராம் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. நகரசபையில் எங்கள் கட்சி உறுப்பினர் ஃபார்லி, வட்ட மருத்துவமனையை மூடிவிட்டு அந்தப் பணத்தில் மலிவு வீடுகள்வரை டிராம் விடலாம் என்கிறார். மூடக் கூடாது என்பது தீர்மானம். வெண்டலின் மனைவி இர்மாவுக்கு அந்த மருத்துவமனையில்தான் வாரம் இருமுறை டயாலிசிஸ். போன பனிக்காலத்தில் அங்கே இயந்திரம் பழுதாகி, ஆற்றுக்கு அந்தப்புறம் உள்ள மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் வழியில் மயங்கி விழுந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெண்டலை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமம்.

"ஏங்க, அங்க என்ன வேலை உங்களுக்கு?" என்றார் இர்மா.

"இல்ல இர்மா, அந்த வீட்டுப் பொம்பளைங்க பனியில நடந்துதான் வேலைக்குப் போறாங்களாம். பாவம் இல்லயா?"

"நான் பாவம் இல்லயா?"

வெண்டல் கோப்பையை அடுப்பின் மேல் வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் வெண்டல், இது கட்சிக் கூட்டமா, நீ காலாற நடக்கற பார்க்கா? நின்னா ஒரு எடத்துல நில்லுய்யா!"

"ஃபார்லி கெட்டவன் இல்லம்மா. அவன் பேச ஆரம்பிச்சா என் காலு நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது," என்றார் என்னிடம்.

"நண்பர்களே, கடைசியா ஒண்ணு சொல்லிக்கிறேன்," என்று ஃபார்லி தொண்டையைக் கனைத்தார். நியாயமான மனிதர், நன்றாகப் பேசுவார்.

வெண்டல் அவசரமாகக் குனிந்தார். பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்து இரண்டையும் கழற்றி இர்மாவிடம் நீட்டினார். எல்லார் காலிலும் வந்த பனி உருகி, ஹால் தரை முழுக்க ஐஸ் தண்ணீர். ஓட்டை விழுந்த சாக்ஸோடு, அந்தத் தண்ணீரில் இறங்கி நடக்க முடியாதபடி, இர்மாவின் நாற்காலிக் குறுக்குக் கட்டையில் ஏறி நின்றார்.

ஃபார்லி பேசப் பேச, வெண்டலின் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடத் தொடங்கியது. நான் மணியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஃபார்லி முடிப்பதற்காகக் காத்திருந்தேன். இர்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஈரம் சொட்டும் அந்த பூட்ஸை மடியில் வைத்து, மணி அடித்து முடியும்வரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.