வால்வுப் பெட்டியின் இரைச்சல்

முத்தாபுதுப்பேட்டை கோதண்டத்துக்கு ஆவடி ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு மெல்லிசைக் குழுவில் பியானோ வாசிப்பான். பியானோ என்றதும் மரத்தாலான பெரிய வாத்தியத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இரும்புக் கம்பிகளைச் சின்னச் சின்னச் சுத்தியல்கள் தட்ட, அந்த ஒலி ஆம்ப்ளிஃபையர் வழியாக வெளியே வரும் எலெக்ட்ரிக் பியானோ. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வேனில் ஏற்றுவதற்குள் டிரைவரிடம் நாலு வசவு வாங்க வேண்டும். ஆனால் அது பேச ஆரம்பித்தால் பந்தியில் உட்கார்ந்திருப்பவன்கூட சோற்றில் வைத்த கையோடு ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பான்.

தொண்ணூறாம் வருஷம் குழுவின் முதலாளி அதை விற்றுவிட்டு ஜப்பான் டிஜிட்டல் கீபோர்டு ஒன்றை வாங்கினார். ஒரே ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். ஒரு பொத்தானுக்குப் புல்லாங்குழல், ஒன்றுக்கு வயலின், இன்னொன்றுக்கு அதே எலெக்ட்ரிக் பியானோ. குழுவே சொக்கிப் போனது. உள்ளதைச் சொன்னால் கோதண்டமும் சொக்கித்தான் போனான். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்கு வாசித்துக் காட்டினான்.

பூங்காவனம் அரிசி களைந்தபடியே கேட்டாள். "எவர்சில்வர் தட்டுல ஸ்பூனு உயுந்த மேரி கீதுய்யா. பயசு, அந்தப் பியானோ, இப்டியா இருந்துச்சி?"

அவளுக்கு சரிகமபதநி தெரியாது. ஆனால் காது அப்படிப்பட்ட காது. தெருமுனையில் திரும்பும் சைக்கிள் யாருடையது என்று செயின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுக்கு வாசித்துக் காட்டாமல் கோதண்டம் எந்தப் பாட்டையும் மேடையில் வாசித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஆசைக்குச் செய்தது, பத்து வருஷத்தில் தொழில் முறையாகவே ஆகிவிட்டது. அவள் தலையாட்டினால்தான் பாட்டு வீட்டை விட்டு வெளியே போகும்.

ஆகவே கோதண்டம் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனான். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சாதுல்லா, கல்யாணங்களுக்கு மைக் செட்டும் கட்டுபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பரண்மேல் கிடந்த, உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் சிவக்கும் பழைய வால்வு ரேடியோவைக் கீழே இறக்கினார்.

"கீபோர்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல ஒரு வால்வு பொட்டி வெச்சிக்க நைனா. சத்தம் அது வயியா போனா கொஞ்சம் மொத்தமாவும், ஓரமெல்லாம் மயுங்கி வரும். ஒண்ணு, சுச்சி போட்ட ஒடனே வராது. வால்வு செவக்க அர நிமிசம் ஆவும். பொறுமையா இருக்கணும்."

அவர் செய்து கொடுத்த முதல் பெட்டியிலேயே வித்தியாசம் தெரிந்தது. பூங்காவனம் அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "உசுரு வந்துகினு கீது. இன்னும் கொஞ்சம் வரணும்" என்றாள். கோதண்டத்துக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்கு இருமல் பிடித்தது. டி.பி. என்றார்கள். பயப்பட வேண்டாம், மாத்திரையோடு தினம் ஒரு ஊசி, தொண்ணூறு நாள் போட்டால் குணமாகிவிடும் என்றார்கள். அப்படியே குணமும் ஆகிக்கொண்டு வந்தது. இருமல் நின்றது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஊசி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று நாட்கள் ஓடின.

ஐம்பதாவது ஊசி வாக்கில் பூங்காவனம் சொன்னாள்: "பொட்டிக்குள்ள இன்னாவோ ஙொய்னு கத்திகினே கீதுய்யா."

கோதண்டம் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டான். ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினான். சாதுல்லாவும் கேட்டுப் பார்த்தார்.

"எனுக்கும் கேக்கல, உனுக்கும் கேக்கல. கல்யாண ஊட்டு ஸ்பீக்கராண்ட நின்னு நின்னு நம்ம ரெண்டு பேரு காதும் அவுட்டு நைனா. தங்கச்சிக்குக் கேக்குதுன்னா இருக்கும். வால்வுன்னா எரைச்சல் இல்லாமலா?" என்றார்.

ஒருவருக்கும் கேட்காத இரைச்சலை இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள். எர்த் மாற்றினார்கள். வயருக்குக் கவசம் போட்டார்கள். வால்வை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பூங்காவனம் உதட்டைப் பிதுக்கினாள். ஒரு நாள், "படுத்தாலும் கேக்குதுய்யா" என்றுகூடச் சொன்னாள்.

"கச்சேரி முடிஞ்சி வந்தா எனுக்கும் அப்டிதான், காதுலயே நிக்கும். பொட்டிலதான் கீது. நான் சரி பண்றேன், நீ உடு" என்றான் கோதண்டம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இப்போது நினைத்தால் அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும். குக்கர் ஏழெட்டு விசில் அடித்துப் பருப்பு கருகியது. மறதி என்று கேலி செய்தான். பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அசந்து தூங்கியிருப்பாள் என்று நினைத்தான். அவன் பேசும்போதெல்லாம் அவள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அதை ஆசை என்று எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்தும் போனான் பாவி.

ஊசி முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாதுல்லா கடைசி முயற்சியாக டிரான்ஸ்ஃபார்மரையே தனியாகப் பிரித்து ஒரு தகர டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்திருந்தார். கோதண்டம் எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டான். வால்வு சிவக்க வேண்டுமே, அதுவரை விரல் சும்மா இருக்குமா? அவளுக்குப் பிடித்த பாட்டின் எடுப்பு தன்னால் ஓட ஆரம்பித்தது. கட்டைகள் தட்டுப்படும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பூங்காவனம் எதிரில் நின்று அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி முடிந்ததும் நிதானமாகத் தலையாட்டினாள்.

"இப்பதான்யா சரியா கீது. அந்தக் கத்தலும் நின்னு போச்சி. இத்தோட உட்டுடு."

கோதண்டம் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான். அதிலிருந்து இன்னும் ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது வரியில் வால்வு சிவந்து சத்தம் வந்தது. பழைய பியானோவே திரும்பி வந்த மாதிரி, அத்தனை நாள் அவன் ஏங்கிய அதே சத்தம், அறை முழுக்க. அவள் அதற்குள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். "பூங்காவனம்" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊசிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஊசி சிலருக்குக் காதைத் தின்றுவிடும் என்றார். காதில் இரைச்சல் கேட்பதுதான் முதல் அறிகுறி, கேட்ட அன்றே வந்திருந்தால் ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றியிருக்கலாம், இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம், இனி எதுவும் செய்வதற்கில்லை என்றார். கோதண்டம் மனசுக்குள் கணக்குப் போட்டான். அது எர்த் மாற்றிய வாரம்.

வீட்டுக்கு வந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், 'எப்போதிருந்து கேட்கவில்லை? ஏன் சொல்லவில்லை?' என்று எழுதி அவளிடம் நீட்டினான்.

பூங்காவனம் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"ஊசி முடியறப்பவே ஒண்ணும் கேக்கல. சொன்னா நீ ஒடிஞ்சி பூடுவன்னு வாய மூடிகினேன். ஆனா அந்தக் கத்தலு... அத்த மொத நாளே சொன்னேனேய்யா. பொட்டிலதான் கீதுன்னு நீதான சொன்ன. உனுக்குத் தெரியாததான்னு நானும் இருந்துட்டேன்."