பருந்து கிளம்பினால் பெயிண்ட் கலக்கலாம்

சிங்கப்பூர் பொங்கோலில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் மொட்டை மாடி. மழைத்தண்ணி கீழே இறங்காமல் இருக்க ரப்பர் பெயிண்ட் அடிக்கிற வேலை. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு நாள்.

சூப்பர்வைசர் அண்ணன் இங்கேயே பிறந்தவர். "முடிச்சிட்டா தீபாவளிக்கு லீவு. முடிக்கலன்னா இல்ல லா" என்றார்.

போன தீபாவளிக்கு நானும் என் கூட்டாளியும் சைட்டில்தான் இருந்தோம். அதற்கு முந்தினதுக்கும் அப்படித்தான்.

அந்தப் பெயிண்ட் ரெண்டு டப்பாவாக வரும். சேர்த்துக் கலக்கிவிட்டால் வைத்திருக்க முடியாது. இறுகிவிடும். அடித்தே ஆகணும். காயுமுன் மழை விழுந்தால் அத்தனையும் சுரண்டணும். அதனால் வானத்தைப் பார்த்துத்தான் கலக்குவோம்.

அன்று மதியம் அண்ணன் சாப்பிடக் கீழே போயிருந்தார். வடக்கே மலேசியாவின் ஜொகூர் பக்கமிருந்து பருந்துகள் வந்தன. ஒன்று ரெண்டு இல்லை. கூட்டம். கூட்டாளி ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் ஊர்ப் பக்கம் கருடனைக் கண்டால் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை போட்டான். அதுகள் வந்துகொண்டே இருந்தன.

"மாப்ள, போதும்டா. கன்னம் பழுத்துரும்."

"நீ போடாட்டி போ. புண்ணியம் எனக்கு."

பருந்துகள் சிறகை அடித்து அடித்துத் தாழ வந்து, கீழே மரங்களில் உட்கார்ந்தன.

"பாத்தியா, நம்மகிட்டயே இறங்கிருச்சு. நல்ல சகுனம்" என்று சொல்லி டப்பாவைத் திறந்து கலக்கினான். நானும் ரோலரை எடுத்தேன்.

பாதி அடிக்குமுன் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் வேறு. ஓடினோம். திரும்பி வந்தால் பெயிண்ட் உடைந்த தயிர் மாதிரி கிடந்தது.

மேலே வந்த அண்ணனிடம் கூட்டாளி கருடன் சகுனத்தைச் சொன்னான். அவர் திட்டவில்லை. சிரித்தார்.

"டேய், கருடனுக்குத் தலை வெள்ளையா இருக்கும். இது குளிர் நாட்டுலேர்ந்து வர்ற பருந்து. வருசா வருசம் வரும், இந்தோனேசியா போகும். வெயில் அடிச்சா தரையிலேர்ந்து சூட்டுக்காத்து ஏறும். அதுல ஏறிக்கிட்டு சும்மா மிதக்கும். கடல் மேல அந்தக் காத்து கிடைக்காது. அதான் மலேசியா வழியா தரையோட தரையா வந்து, இங்கேர்ந்து தாண்டுது. மேகம் மூடுச்சுன்னா காத்து செத்துடும். இறங்கி உக்காந்துடும்."

"அதுக்கும் வொர்க் பெர்மிட் உண்டாண்ணே?" என்றான் கூட்டாளி.

"நீ முதல்ல சுரண்டு லா."

மறுநாள் காலையிலிருந்து சுரண்டினோம். தண்ணியைத் துடைத்தோம். வானம் சாம்பல். பருந்துகள் நனைந்த துணி மாதிரி மரத்திலேயே தொங்கின. டப்பா திறக்கவில்லை. இன்று முடியாவிட்டால் நாளை லீவு இல்லை.

கூட்டாளி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மரத்தைப் பார்த்தான். "கிளம்புங்க சாமி."

"அதான் கருடன் இல்லன்னுட்டாரே. இன்னும் என்னடா சாமி?"

"மரியாதையா சொன்னா கேக்கும்."

மேகம் விலகியது. வெயில் விழுந்ததும் தளத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு பருந்து மரத்தை விட்டு வந்தது. சிறகை ரெண்டு தடவை அடித்தது, பிறகு விரித்தபடி வட்டம் போட்டது. அடுத்து இன்னொன்று. அப்புறம் மரமே கிளம்பியது. எங்கள் மாடிச் சூட்டில்தான் ஏறின. முகத்துக்கு நேரே போனதுக்குக் கண் மஞ்சள். சத்தமே இல்லை.

தெற்கே பிடோக் பக்கம் வானம் கறுத்து நின்றது. நேராகப் போன பருந்து வரிசை அதைக் கண்டதும் மேற்கே வளைந்தது. வெயில் இருந்த பக்கமாகவே போயிற்று. மழை எங்கள் பக்கம் வரவில்லை.

"கலக்குங்கடா!" என்றார் அண்ணன். அவரும் ஒரு ரோலர் எடுத்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. சாயங்காலம் விரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"நாளைக்கு உங்க மூஞ்சிய இங்க பாக்கக் கூடாது" என்றார்.

தீபாவளியன்று லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிட்டு வெளியே வந்தோம். மழை கொட்டியது. ஜனமெல்லாம் கடையோரம் ஒதுங்கியது. நாங்கள் நடுரோட்டில் நடந்தோம். புதுச் சட்டை.

"பெய்யட்டும்டா" என்றான் கூட்டாளி.