குதிரை ஊசி

ஆணி குத்தினால் ஆளே போய்விடுகிற காலம் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. ரணஜன்னி வராமலிருக்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். இவர் அதை ராயபுரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "இனிமே எனக்குக் கொள்ளு வேவிச்சி வையி" என்றார் என்னிடம்.

ஒரு வாரம் போனது. காயம் ஆறிக்கொண்டு வரும்போதே காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. முட்டியும் மணிக்கட்டும் வீங்கிப்போயின. மாமியார் ஒரு பார்வை பார்த்தாள், வாசலில் வேப்பிலையைச் செருகினாள். அம்மை கண்ட வீட்டுக்குள் மருந்து வரக் கூடாது.

"கொப்புளம் ஒண்ணுகூட இல்லியே அத்தே, இது இன்னா அம்மை?" என்று கேட்டேன்.

"வாய மூடு. ஆத்தா வந்துகீறா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அவன் வாசப்படி தாண்டக் கூடாது."

கார்ப்பரேஷன்காரன் மோப்பம் பிடித்தால் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவான் என்று கதவையும் சாத்தினார்கள். மருமகள் பேச்சை அங்கே யார் கேட்டார்கள்?

தடிப்பு அமுங்கியது. மாமியார் சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்தாள். ஆனால் அவர் முகம் ஊதிக்கொண்டே போனது. மூத்திரம் கறுத்த டீத்தண்ணி மாதிரி சொட்டியது. "மூச்சு அடைக்குது. எங்கியாவது இட்டுகினு போ" என்று என் கையைப் பிடித்தார். வேப்பிலையைப் பிய்த்து எறிந்துவிட்டு ரிக்ஷாவைக் கூப்பிட்டேன். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள்.

"இது அம்மையே இல்லம்மா. தடிப்பு வந்த அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரல?" என்றார் டாக்டர். குதிரை மருந்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போட்டதாம். அந்த மருந்தும் அதை எதிர்க்க உடம்பு சுரந்ததும் ஒட்டித் திரண்ட கசடு ரத்தத்தோடு ஓடித் தோலிலும் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படிந்ததாம். படிந்த இடத்தையெல்லாம் அவர் உடம்பே புண்ணாக்கிவிட்டது. தோலும் மூட்டும் தேறிவிடும், சிறுநீரகம்தான் வேலையை நிறுத்திவிட்டது என்றார்.

மறுநாள் பகலில் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

வீட்டு வாசலில், தலைக்கு ஊற்றுவதற்காக மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் அண்டாவில் அப்படியே இருந்தது. அதை மொண்டு ஊற்றித்தான் அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டினார்கள். காலை நான் கழுவினேன். ஆணி ஏறின இடம் நன்றாக ஆறியிருந்தது.