ஃபாக்ஸ் ட்ராட் என்ற மேதை

செப்டம்பர் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் மூடியிருந்தது, பெய்கிற எண்ணம் அதற்கு இல்லை. குளியலறைக் கதவுக்கு ஒரு பழைய கீல் தேடி, திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் உள்ள காயலான்கடைக்குள் நுழைந்தேன். கீல் கிடைக்கவில்லை. உடைந்த மின்விசிறிக்கு அடியில் ஒரு கிராமபோன் பிளேட்டு கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். அரக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை, இத்தனை வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. லேபிளின் ஓரத்தில் காப்பிங் பென்சிலால் 7 என்று போட்டிருந்தது. நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அப்படி ஏழு போடுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

நாற்பதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதினேன். நாள் முழுவதும் மூட்டைகளை எண்ணுவேன். மூட்டை இல்லாதபோது மற்றதை எண்ணுவேன். அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன். என் பள்ளித்தோழன் நாயுடு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயில்வே காலனிக்கு, லாரன்ஸ் வீட்டுக்கு அழைத்துப்போனான். லாரன்ஸ் ஆங்கிலோ-இந்தியர், ரயில் கார்டு. மாட்டுக்கறிக் குழம்பும் சுருட்டும் மணக்கும் அந்த வீட்டில் ஒரு கிராமபோனும், தேக்குப் பெட்டி நிறைய ஜாஸ் பிளேட்டுகளும் இருந்தன. ஞாயிறு மாலை நாலைந்து பேர் கூடுவார்கள். யாராவது புதுப் பிளேட்டு கொண்டுவருவார்கள். முதல் தடவை கேட்கும்போது யாரும் பேசக்கூடாது. இரும முடியாமல் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாள் வைத்த பிளேட்டில் ஒரு கிளாரினெட். நம் நாகசுரத்தைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பி, செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்த மாதிரி இருந்தது. நான் மயங்கிவிட்டேன். லாரன்ஸ் என் பக்கம் திரும்பி, "யாரு மேன் வாசிக்கிறது? சொல்லு பாப்போம்" என்றார்.

நம் ஊர்ப் பிளேட்டுகளில் மேலே பாட்டு, அதன் கீழே பாடினவர் பெயர். நான் குனிந்து இரண்டாவது வரியைப் படித்தேன். "ஃபாக்ஸ் ட்ராட்."

லாரன்ஸ் நாயுடுவைப் பார்த்தார். நாயுடு கைக்குட்டையை எடுத்து இருமினான்.

"கரெக்ட் மேன்" என்றார் லாரன்ஸ்.

அந்த ஒரு வார்த்தையில் நான் ஏழு வருடம் குடியிருந்தேன். லாரன்ஸின் பெட்டியை எண்ணினேன்: அறுபத்து மூன்று பிளேட்டு. நாற்பத்தொன்றில் ஃபாக்ஸ் ட்ராட். ஆறில் வால்ட்ஸ் என்று ஒருவர். எண்ணிக்கை பொய் சொல்லாது என்று நம்புகிறவன் நான். ஃபாக்ஸ் ட்ராட்தான் மேதை, வால்ட்ஸ் கொஞ்சம் சோம்பேறி என்று முடிவு செய்தேன். ஃபாக்ஸ் ட்ராட் ஒரு பிளேட்டில் எக்காளம் ஊதினார், ஒன்றில் பியானோ வாசித்தார், இன்னொன்றில் பெண் குரலில் பாடினார். நாடகக் கம்பெனி வாத்தியாரைப் போல ஆட்களை வைத்திருப்பார் என்று விளக்கம் கண்டுபிடித்து, அதையும் சபையில் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அதில் தவறில்லை; என் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள்.

ஒருமுறை ஃபாக்ஸ் ட்ராட் அமெரிக்காவில் சாகக் கிடக்கிறார் என்று நாயுடு சொன்னான். மறுநாள் காலை கோவிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி நட்சத்திரமே வைத்துக்கொள்ளலாம் என்றார் குருக்கள். அடுத்த ஞாயிறு இதை லாரன்ஸிடம் சொன்னபோது அவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பாவம், மனசு இளகினவர் என்று நினைத்தேன்.

என்னிடம் கிராமபோன் கிடையாது. மண்டிச் சம்பளத்தில் நான் வாங்கிய எட்டுப் பிளேட்டுகளும் லாரன்ஸ் வீட்டில்தான் இருந்தன, என் எண்ணோடு. அந்த முதல் நாள் கிளாரினெட்டையே மதராஸில் தேடி ஏழாவதாக வாங்கினேன். மூன்றே கால் ரூபாய். பிறகு, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஆனதும், தானும் கப்பலேறுவதாக லாரன்ஸ் சொன்னார். பெட்டியையும் கிராமபோனையும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "யாருக்குக் காது இருக்கோ அவனுக்கு மேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. என்னைவிட்டால் யாருக்குக் காது?

வழியனுப்பு விழா ரயில்வே இன்ஸ்டிடியூட்டில். என்னை ஃபாக்ஸ் ட்ராட் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார் லாரன்ஸ். பெட்டி மேஜைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அவருடைய வறுமை, இடைவிடாத உழைப்பு, நாற்பத்தொரு பிளேட்டு. முன்வரிசையில் பெரம்பூரிலிருந்து வந்திருந்த கிழவி ஒருத்தி, விஷயம் தெரியாதவள், இவர் ஆளைச் சொல்கிறாரா ஆட்டத்தைச் சொல்கிறாரா என்று பக்கத்தில் கேட்டாள். சிரிப்பில் கொட்டகையே உடைந்தது.

"போதும் மேன், இதுக்கு மேல என்னால முடியாது" என்று லாரன்ஸ் கண்ணைத் துடைத்தார். "அது டான்ஸ் மேன். இந்தப் பாட்டுக்கு இந்த டான்ஸ் ஆடலாம்னு போட்டிருக்கான். வாசிக்கிறவன் பேரு அதுக்குக் கீழே."

"ஏழு வருசமா அடக்கிக்கினு இருந்தோம் கணக்குப்புள்ள" என்றான் நாயுடு. "வவுறு புண்ணாப் பூட்ச்சி."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ வால்ட்ஸ்?" என்று கேட்டேன்.

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. பெட்டி, என் எட்டுப் பிளேட்டும் சேர்த்து, நாயுடுவுக்குப் போயிற்று. ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டர், நான் அதற்குமுன் ஒரு வார்த்தை பேசியிராதவர், "என்னா ஃபாக்ஸ் ட்ராட்டு, ஜல்தி கெளம்பிட்ட?" என்று கேட்டார். என் பிளேட்டுகளைக் கேட்டு நான் திரும்பிப் போகவேயில்லை.

லாரன்ஸ் எந்த ஊர் மண்ணில் கிடக்கிறாரோ. நாயுடு போய்ப் பன்னிரண்டு வருடம். இன்ஸ்டிடியூட்டில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஒருமுறை விழுப்புரம் போனபோது வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். நாயுடுவின் பேரன் இந்த ஊரில் இருந்த பழைய வீட்டை இடித்தபோது பெட்டியை எடைக்குப் போட்டிருக்கிறான். மற்றதெல்லாம் உடைந்துவிட்டது, இது ஒன்றுதான் முழுசு என்றார் கடைக்காரர்.

கண்ணாடியைத் துடைத்து லேபிளைப் படித்தேன். பாட்டின் பெயர் பாதி இருந்தது. ஃபாக்ஸ் ட்ராட் முழுதாக இருந்தது. அதற்குக் கீழே, அந்தக் கிளாரினெட்காரன் பெயர் இருந்த இடத்தைச் செல் அரித்திருந்தது. என் கையில் இருந்தவரை அந்த வரியை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

"யார் பாட்டு பெருசு இது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஃபாக்ஸ் ட்ராட்."

"பெரிய ஆளா?"

"நாப்பத்தோரு பிளேட்டு குடுத்தவரு."

அப்படியானால் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது என்றுவிட்டார். கொடுத்தேன். முதலில் வாங்கியது மூன்றே கால். ஆக மொத்தம் ஐம்பத்து மூன்று ரூபாய் இருபத்தைந்து காசு.